கட்டிங் வேஸ்ட்டைக் கலக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுவதைத் திருப்பூர், கோவை வட்டார ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் பல காலமாகச் செய்துவருகின்றன. பனியன் கம்பெனியில் துணி வெட்டும்போது விழும் துண்டுத்துணியை, அதாவது கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். கறுப்புத் துணியிலிருந்து கறுப்பு நூல், சிவப்பிலிருந்து சிவப்பு. புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சிக்கல் கட்டிங் டேபிளுக்கு அடியில்தான். வெள்ளை, கலர், பிரிண்ட், லைக்ரா (இழுபடும் செயற்கை இழை) கலந்தது எல்லாம் ஒரே மூட்டைக்குள் போகின்றன. கூடவே டீ கப்பும். அதை வியாபாரி குடோனில் கொட்டி, பெண்கள் உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்கள். பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்பதைத் தடவிப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனிக்கோ அது, துணியோடு வரும் விவரச் சீட்டான லாட் சீட்டிலேயே தெரிந்த சங்கதி. அந்த விவரத்தை மூட்டையில் எழுதிக் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஐரோப்பிய ஒன்றியம் துணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்ற விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு) கொண்டுவரப்போகிறது. நூல் எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்கும்போது, துண்டுச்சீட்டில் நடக்கும் வேஸ்ட் வியாபாரம் பதில் சொல்லாது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் நிறவாரியாக, ரகவாரியாக மூட்டை கட்டுவதைக் கட்டாயமாக்கட்டும். பிரித்துக் கொடுக்கும் கம்பெனிக்கு மில்கள் கிலோவுக்குக் கூடுதல் விலை தர வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கட்டிங் ஆட்களுக்கும் போக வேண்டும்.

– வாசகர், திருப்பூர்