நூலக அக்காவின் பிரியாவிடைக்குத் தோள்கொடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம். சனிக்கிழமை நம் நூலக அக்காவின் பணி ஓய்வுப் பாராட்டு நல்லபடியாக நடந்தது. உதவிய ஒவ்வொருவருக்கும் வாசகர் வட்டத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

38 ஆண்டுப் பணி என்பது சும்மா இல்லை. சிங்கப்பூரில் ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில் இருந்த செங்கல் தேசிய நூலகத்தில் புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்தித் தொடங்கியவர், சுரங்கச் சாலைக்காக 2004இல் அந்த இடம் மூடப்பட்டபோது தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, அடுத்த ஆண்டு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள புதிய நூலகத்துக்கு அவற்றோடு வந்து சேர்ந்தவர். ஆனால் நம்மில் பலருக்கு அவர் நெருக்கமானது 2015இல்தான். 1965 முதல் இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை நாட்டின் பொன்விழாவுக்கு மின்னூலாக்கினார்களே, அப்போது பிழைதிருத்தத் தொண்டூழியர்களோடு அக்காவும் உட்கார்ந்துவிடுவார். ஸ்கேன் செய்த பக்கங்களில் கணினி துணைக்காலை ரகரமாகப் படித்துவைக்கும், பக்கத்துக்குப் பத்து இடத்தில். அவர் விரலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். மறைந்த எழுத்தாளர்களின் குடும்பங்களிடம் அனுமதிக் கையெழுத்து வாங்க வேலை முடிந்து ஈசூன், பிடோக் என்று எம்ஆர்டி ரயிலில் போய்வந்ததும் அவர்தான். அந்தப் புத்தகங்கள் இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன என்றால் அதில் அவருடைய கால்வலியும் இருக்கிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன். மண்டபத்தை முன்கூட்டியே பிடித்துக்கொடுத்த சமூக மன்றத் தோழி, விடியற்காலையில் தேக்காவுக்குப் போய் மாலை வாங்கிவந்த அண்ணன், வடை சுட்ட அத்தைமார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து பாடிய பிள்ளைகள், தமிழ் புரியாவிட்டாலும் கடைசிவரை இருந்த சீன, மலாய் சக ஊழியர்கள். அப்புறம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வந்திருந்த தம்பிகள் மூவர். அவர்களுக்கு நூலக உறுப்பினராக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது அக்கா. வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு, அதை விட்டுவிட்டு வந்து கடைசி நாற்காலியை அடுக்கிவைத்த பிறகே கிளம்பினார்கள். தம்பிகளா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

வாழ்த்தேட்டில் இன்னும் சில பக்கங்கள் காலியாக உள்ளன. வர முடியாதவர்கள் இரண்டு வரி எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் ஒட்டி, அக்காவின் வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன்.