இளைஞர் மனநோய்க்குத் தனிப் பிரிவு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட மனநலத் திட்டம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மருத்துவர் பற்றாக்குறையைச் சரியாகவே சுட்டியது. ஆனால் நோயுற்ற இளைஞர் முதன்முதலாக மருத்துவரிடம் வந்து சேர எவ்வளவு காலமாகிறது என்பதை அது தொடவில்லை.

சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோய் பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை வகுப்புக்குப் போக மறுப்பான். தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பான். வீட்டார் முதலில் காதல் தோல்வி என்பார்கள், பிறகு தேர்வு பயம், அதன்பின் செய்வினை. சிகிச்சையின்றி இப்படிக் கழியும் காலம் நீள நீள, நோய் கட்டுப்படுவதும் படிப்புக்கோ வேலைக்கோ திரும்புவதும் கடினமாகின்றன என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் இங்கிலாந்தில், முதன்முறையாக இந்நோய்க்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கேனும் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று 2016இல் காலக்கெடு விதித்தார்கள்.

அது பணக்கார நாட்டுக்குச் சரி என்று ஒதுக்கிவிட முடியாது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, சென்னையிலும் மான்ட்ரியலிலும் இளம் நோயாளிகளுக்கு ஒரே முறையில் இரண்டாண்டுக் காலம் சிகிச்சையளித்து ஒப்பிட்டது. ஆர்வமின்மை, பேச்சுக் குறைதல், ஒதுங்கியிருத்தல் போன்ற அறிகுறிகள் சென்னை நோயாளிகளிடம் கூடுதலாகக் குறைந்தன; குடும்பத்தாரின் ஈடுபாடும் இங்கேதான் மிகுதி. புறநோயாளிப் பிரிவின் வெளியே சாப்பாட்டுப் பையுடன் காத்திருக்கும் தாயை, சீட்டு வாங்கி வர மட்டுமே அழைக்கும் நம் மருத்துவமனைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோதே இடம்பெற்ற மாநிலம் தமிழ்நாடு. அந்தத் திட்டத்துக்குள்ளேயே, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு பிற்பகலை இளைஞர்களுக்கென்று ஒதுக்கலாம். பல்லாண்டு நோயாளிகளின் வரிசையில் பத்தொன்பது வயதுப் பையனை உட்காரவைத்தால், தன் எதிர்காலமே அதுதான் என்று அஞ்சி மறுமுறை வரமாட்டான். மாத்திரையை நிறுத்திவிட்டானா, வீட்டில் என்ன சிக்கல் என்று இரண்டாண்டுகள் தொடர்ந்து விசாரிக்க, ஒவ்வொருவருக்கும் பொறுப்பான ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும். மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகிறவர்களைக் கடிந்து பயனில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவா எனும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசு வழி செய்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

14416 என்ற மனநல உதவி எண்ணை விடுதிக் காப்பாளர்களும் வகுப்பு ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும். முதலில் மாற்றத்தைக் காண்பவர்கள் பலநேரம் அவர்களே. பல்கலைக்கழகங்களும், சிகிச்சைக் காலத்து வருகைக் குறைவுக்காக இம்மாணவர்களின் பெயரை நீக்காமல், அடுத்த பருவத்தில் அவர்கள் மீண்டும் சேர விதியில் இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.