வலது பக்க ஹெட்லைட்

அன்பு அம்மணிக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாக வேகத்தைக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்காக உன் பிக்கப்பின் கிரில்லைக் கழற்றி, நடுவில் ரேடாருக்கு பிராக்கெட் மாட்டியிருக்கிறாய். ஒயர் கட்டியிருக்கும் விதம் அப்படியே நம் பட்டறை விதம். டேப்பைப் பாதி மேல் பாதி ஏற்றிச் சுற்றி, கடைசிச் சுற்றை இழுக்காமல் ஒட்டியிருக்கிறாய். இழுத்து ஒட்டினால் வெயிலில் பிரிந்து வரும் என்று பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பட்டறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இன்னும் உன் கையில் இருக்கிறது. பரமத்தி ரோட்டில் யார் வந்தாலும் அந்தப் போட்டோவைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலது பக்க ஹெட்லைட் புதுசு போலிருக்கிறது. இடது பக்கம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, வலது பளிச்சென்று இருக்கிறது. சரி, நல்லதுதான்.

ஒயரிங் பற்றிக் கேட்டிருந்தாய். ஈயம் வைத்துப் பற்ற வைக்காதே. பட்டறையில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஓடுகிற வண்டியின் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில்தான் ஒயர் ஒடியும். நல்ல கிரிம்ப் போட்டு, மேலே சுருங்கும் ஸ்லீவ் ஏற்று. வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு ஒயரையும் முறுக்கு குலையாமல் கொண்டு போ. கப்ளர் வரைக்கும் முறுக்கு இருக்கட்டும், வேலைக்கு வசதி என்று நீளமாகப் பிரித்து விடாதே. முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார். இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால் நடுவில் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

எர்த் விஷயத்தில் கவனம். எனக்குப் பழக்கமானதெல்லாம் இரும்பு பாடி. பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போட்டால் வேலை முடிந்தது. உன்னுடைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் 2016 மாடல், அதன் பாடி அலுமினியம். அதில் சாதா இரும்பு போல்ட்டைப் போட்டால் ஈரம் பட்டுப் பட்டு அந்த இடமே அரித்துவிடும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ரேடார் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. கம்பெனியே எர்த் எடுத்திருக்கும் இடத்திலிருந்து எடு.

காயலான் கடையில் வாங்கிய பாகங்களை ஃபோர்ஸ்கேன் சாஃப்ட்வேர் போட்டு வண்டிக்கு அறிமுகப்படுத்தப் போவதாகச் சொன்னாய். எதையும் மாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்து வை. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டர் மாட்யூல் போனது போனதுதான், அதனால் சார்ஜர் மாட்டியே செய்.

ரேடாரை உட்கார வைத்தபின் அலைன்மென்ட் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதே. ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் நூறு மீட்டர் தள்ளி ஒன்றேமுக்கால் மீட்டர் விலகும். உங்கள் ஊர் லேனில் அது பாதி. உனக்கு முன்னால் போகிற வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்து லேன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். லேன் கோட்டைப் பார்க்கக் கண்ணாடியில் ஒட்டும் கேமராவுக்கும் இதேதான். வண்டியைத் தூக்கி வைப்பது, பெரிய டயர் போடுவது எல்லாம் வேண்டாம்.

இது எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்றை மறந்துவிடாதே. அந்த ரேடார், ஓடுகிற வண்டியைத்தான் நன்றாகப் பிடிக்கும். ரோட்டோரப் பலகை, பாலத்தின் கைப்பிடி என்று அசையாமல் இருப்பதற்கெல்லாம் பிரேக் போட்டால் வண்டி ஓட்டவே முடியாது என்பதால், நிற்பதைப் பெரும்பாலும் கழித்துவிடும். உன் மாடலில் மோதப்போகிறது என்று எச்சரிக்கை வந்தால் பிரேக்கைத் தயாராக வைக்கும், மிதிக்க வேண்டியது உன் கால்தான். முழுதாக நிறுத்திக் கிளப்பும் வசதி 2018 மாடலில்தான் வந்தது. தொப்பூரில் சித்தப்பாவுக்கு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. முன்னால் நின்ற லாரியில் பின் விளக்கு எரியவில்லை.

நீ முதலில் க்ரூஸ் கன்ட்ரோல் மட்டும் போதும் என்றுதான் சொன்னாய். லேன் கேமராவும் வேண்டும் என்று போன மாதம்தான் ஆரம்பித்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதே சமயத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலும் வருவதில்லை. சிக்னல் சரியில்லை என்கிறாய். டெக்சாஸ் அபிலீனில் மூன்று வருஷமாக சிக்னல் நன்றாகத்தானே இருந்தது.

இன்டர்ஸ்டேட் 20-இல் ரோட்டோரக் கோட்டை ஒட்டி வரிவரியாக வெட்டி வைத்திருப்பார்கள், டயர் ஏறினால் ஸ்டீயரிங்கே உதறும் என்று போன புதிதில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கும் எழும்பாத தூக்கம் என்றால் கேமரா என்ன செய்யும்? அதுவும் ஸ்டீயரிங்கைத்தான் ஆட்டும். திரையில் ஒரு காபிக் கோப்பையைக் காட்டும். மணிக்கு 75 மைல் என்றால் விநாடிக்கு 33 மீட்டர். மூன்று விநாடி கண் மூடினால் நூறு மீட்டர் போய்விடுகிறது, அம்மணி.

தூக்கம் வந்தால் ஓரம் கட்டு. மிட்லேண்ட் பக்கம் சைட்டில் காற்றாலை ராத்திரியில் நின்றால் நீதான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போ. வேலை முடிந்ததும் உடனே திரும்பாதே, அங்கேயே ஒரு ரூம் எடுத்துப் படு. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். நிலத்துக் கடன் சித்திரையிலேயே முடிந்துவிட்டது, நீ அனுப்புவது பேங்கில் அப்படியே கிடக்கிறது. அந்தப் பணத்துக்காகத்தான் நீ ராத்திரி வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் எனக்கு அந்தப் பணம் வேண்டாம்.

அங்கே 2029-க்குள் எல்லாப் புதுக் கார், பிக்கப்பிலும் தானாகப் பிரேக் போடும் வசதி இருக்க வேண்டும் என்று 2024-இல் விதி போட்டதாக நீதான் சொன்னாய். அது இருக்கிற வண்டியாகவே ஒன்று வாங்கலாம். பழைய வண்டியை உன் கையால் மாற்றிக் காட்டுவது பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் தூக்கம் வந்தால் ஓரம் கட்டு.

அந்த ஹெட்லைட்டின் பின்னால் ஒயரிங் டேப்பும் புதுசு. பிராக்கெட் போல்ட்டில் துரு இல்லை, அதன் மேலே ஃபெண்டர் விளிம்பில் பெயின்ட் ஒரு சாயல் மாறியிருக்கிறது. ரேடார் வேலைக்கு அந்தப் பக்கம் கை வைக்க வேண்டியதே இல்லை. நாற்பது வருஷம் அடிபட்ட வண்டிகளுக்கு ஒயரிங் போட்டவன் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. வண்டியைக் காட்டுவது அப்புறம் இருக்கட்டும், உன் முகத்தைக் காட்டு. கையையும் காட்டு. என்ன நடந்திருந்தாலும் திட்ட மாட்டேன். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா
நாமக்கல்