கடைசித் துண்டு

சோமனூர்
ஆடி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் நலம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நடுவில் குட்டி வந்துவிடுகிறாள், அப்புறம் பேச்சு அவள் பக்கமே போய்விடுகிறது. இது உன்னிடம் மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் தாளை எடுத்தேன்.

ரயில் ஓடுகிறது சாமி. உன் ரயில். போன செவ்வாய்க்கிழமை பொழுதோட ஆறு மணிக்கு ஸ்டேஷனில் கிளம்பி, வளையத்தைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தது. நான் ஒரு தடவையோடு விடவில்லை. பதினோரு தடவை ஓட்டினேன். உங்கப்பா டீயை ஆற விட்டுவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் வேலையிலிருந்து நின்ற பிறகு அட்டாலியைச் சுத்தம் செய்தேன் என்று சொன்னேனே, அப்போது அந்தப் பிளைவுட் பலகையை இறக்கினோம். எட்டுக்கு நாலு முழு ஷீட். தண்டவாளம் எல்லாம் நீ ஆணி அடித்தபடியே இருந்தது. லைன் இரண்டாகப் பிரியும் பாயிண்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் உன் கையெழுத்து: "கடைசித் துண்டு – ஷார்ட்?" ஒன்பதாவது படிக்கும்போது எழுதியது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ராத்திரி அப்படியே ஞாபகம் வந்தது.

மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ரயில் செட் வெறும் வட்டமாக ஓடுவது உனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் ஸ்டேஷன், மறுபக்கம் ஊசிக் காது மாதிரி ஒரு வளையம், போன ரயில் அதே லைனில் திரும்பி வர வேண்டும் என்று நீயே வரைந்து செய்தாய். எல்லாம் முடித்து, வளையத்தின் கடைசித் துண்டைச் செருகியதும், தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பேக் டக்கென்று கட் ஆனது. எடுத்தால் ஓடியது, செருகினால் செத்தது. "அம்மா, கொஞ்சம் பாரேன்" என்று நீ கூப்பிட்டபோது நான் பீளமேட்டிலிருந்து பாசஞ்சரில் நின்றுகொண்டே வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். "பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாரு, அதை மூட்டை கட்டு" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உங்கப்பா அதை அட்டாலியில் ஏற்றிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் மோட்டார் ஸ்டேட்டருக்குக் காயில் இறக்கியவள் நான். காயில் பாடியில் தொட்டிருக்கிறதா, ஒரு காயிலுக்குள் இன்னொன்று ஷார்ட்டா என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. அன்றைக்கு ஒரு அரை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். உட்காரவில்லை. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ செய்ததில் தப்பில்லை கண்ணு. ஒரு ஜாயிண்ட் கூட நீ மாற்றிச் சேர்க்கவில்லை. நீ வளைத்த அந்த வளையம் யார் செய்தாலும் ஷார்ட் ஆகும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். முதலில் சீரிஸ் லேம்ப் போட்டேன், பட்டறையில் செய்வது போலவே. இங்கே 12 வோல்ட்தான் என்பதால் உங்கப்பா பழைய பைக்கிலிருந்து இண்டிகேட்டர் பல்பு கழற்றித் தந்தார், 10 வாட். பவர் பேக்கிலிருந்து வரும் ஒரு வயரின் நடுவே அதைப் போட்டால், லைன் சரியாக இருக்கும்போது பல்பு எரியாது, ஷார்ட் ஆனால் முழு வெளிச்சம் வரும். பேக்கும் கட் ஆகாது, ஏனென்றால் பல்பு ஒரு ஆம்பியருக்கு மேல் விடாது. கடைசித் துண்டைச் செருகினேன். இஞ்சினே பலகையில் இல்லை, ஆனாலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் இஞ்சின் மேல் பழி இல்லை, லைனிலேயே இருக்கிறது.

அப்புறம் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலும் கறுப்பு நூலும் எடுத்தேன். இடது தண்டவாளத்தின் மேல் சிவப்பு, வலதின் மேல் கறுப்பு. பாயிண்ட் வரை இரண்டும் ஒழுங்காக வந்தன. அங்கிருந்து சிவப்பு நூலை வளையத்தின் வெளி ஓரமாகவே விட்டுக்கொண்டு போனேன். சுற்றி வந்து மறுபடி பாயிண்டைத் தொடும்போது அது வலது பக்கம் நின்றது, கறுப்பு நூலின் மேலேயே. பிளஸ் மைனஸின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த நூலைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா, இதற்காகவா பிள்ளையை அன்றைக்கு அப்படி அனுப்பினோம் என்று.

உன் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துக் கோப்பிங்கனில் மெர்க்லின் மியூசியம் போய் வந்து படம் அனுப்பினாயே, அதில் தண்டவாளத்தின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழ் இருந்தது. எதற்கென்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அவர்கள் ஒரு முனையை நடுக் குமிழிலும், மறுமுனையை இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்தும் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே முனை என்பதால் எப்படித் திரும்பி வந்தாலும் ஷார்ட் ஆகாது. நம்முடையது இரண்டு தண்டவாள டிசி. இதில் வளையத்தைத் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்துவிட்டேன். வளையத்தின் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்தையும், மொத்தம் நாலு இடத்தில் வெட்டினேன். தங்க வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பம் வாங்கி வந்தேன். வெட்டுக்கு நடுவில் இருக்கும் பகுதி முழு ரயிலையும் விட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் ஒரு வெட்டையும் பின்னால் ஒரு வெட்டையும் சக்கரம் ஒரே நேரத்தில் தொட்டு மறுபடி ஷார்ட். உன் வளையம் ஒன்றரை அடி ஆரம், சுற்றளவு ஒன்பது அடிக்கு மேல் வருகிறது. இஞ்சினும் மூன்று பெட்டியும் தாராளமாக அடங்கும். அந்த வயசில் நீ போட்ட அளவு சரியாக இருந்தது.

மெயின் லைனுக்கு ஒரு சுவிட்ச், வளையத்துக்கு ஒரு சுவிட்ச். இரண்டுமே ஆறு கால் உள்ள டிபிடிடி என்கிற வகை, முனைகளைக் குறுக்காக மாற்றிக் கட்டினால் பார்வர்ட் ரிவர்ஸ். வளையத்து சுவிட்சை ரயில் நுழையும் திசைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முழு ரயிலும் உள்ளே போனதும் மெயின் லைன் சுவிட்சை மாற்றித் தட்டி, பாயிண்டையும் மாற்ற வேண்டும். ரயில் நிற்காமல் வெளியே வந்துவிடும். தட்ட மறந்தால் வெட்டைத் தாண்டும் இடத்தில் பல்பு எரியும். அதனால் அந்தப் பல்பைக் கழற்றாமல் பலகையின் ஓரத்திலேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன்.

நம் ஊர் பெரிய லைனிலும் இப்படி ஒரு வெட்டு உண்டு என்று முன்பு பாசஞ்சரில் கூட வரும் ரயில்வேக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மேல் கம்பியில் 25,000 வோல்ட். ஒரு சப்ஸ்டேஷனின் கரண்ட் அடுத்ததோடு சேரக் கூடாது என்று நடுவில் கொஞ்ச தூரம் கரண்டே இல்லாமல் விட்டிருப்பார்கள். நியூட்ரல் செக்ஷன் என்று பேர். டிரைவர் முன்கூட்டியே இஞ்சினின் சர்க்யூட் பிரேக்கரை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே அதைக் கடந்து போய்விடுவார்.

சித்திரையில் ஒரு சோதனை வந்தது. மாசியில் வெட்டிய இடம் நன்றாகவே இருந்தது. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் ரயில் ஓடாமலேயே பல்பு எரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே தண்டவாளம் சூட்டில் நீண்டு, வெட்டு வாயை மூடிக்கொண்டது. மறுபடி வெட்டி, பழைய பிளாஸ்டிக் கார்டிலிருந்து துணுக்கு நறுக்கி இடுக்கில் செருகி, சூப்பர் குளூ வைத்து, மேல்பக்கம் வழவழப்பாகத் தேய்த்துவிட்டேன். இந்த ஆடி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது வயரிங். இதில்தான் எனக்கு நாள் ஓடியது, மனசும் நிறைந்தது. நீ ஒரே இடத்தில் இரண்டு வயர் கொடுத்து, மற்றதை ஒரு துண்டை இன்னொன்றோடு இணைக்கும் ஜாயினர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தாய். புதுசாக இருந்தபோது அது போதும். இத்தனை வருஷத்தில் ஜாயினர் எல்லாம் கறுத்துவிட்டன. மீட்டர் வைத்துப் பார்த்தால், இஞ்சின் ஓடும்போது பவர் பேக் பக்கம் 12 வோல்ட், தூரத்து முனையில் 9. அதைவிட மோசம், பல்பை விலக்கிவிட்டுத் தூரத்து முனையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு ரூபாய்க் காசு வைத்தேன். பேக் கட் ஆகவில்லை. ஷார்ட் ஆகியும் கட் ஆகாவிட்டால், அந்தக் கரண்ட் முழுதும் எங்கோ ஒரு கெட்ட ஜாயிண்டில் சூடாகத்தான் போகும். தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கட்டை உருகும், தீயும் பிடிக்கலாம். அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

பலகைக்கு அடியில் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினேன். வளையத்துக்குத் தனி ஜோடி. மூன்று அடிக்கு ஒரு இடத்தில் பலகையில் துளை போட்டு, அரை எம்எம் வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் பற்றவைத்து, கீழே அந்தத் தடி வயரோடு சேர்த்தேன். தண்டவாளத்தில் ஈயம் பிடிக்க வைப்பது காயில் முனையில் பிடிக்க வைப்பதைவிடக் கஷ்டம் கண்ணு. கொஞ்சம் அதிகம் சூடு பட்டாலும் கீழே பிளாஸ்டிக் கட்டை இளகிவிடும். பற்றவைக்கும் இடத்தை மட்டும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்து, ஃப்ளக்ஸ் தடவி, தண்டவாளத்தில் தனியாக ஒரு பொட்டு ஈயம், வயர் நுனியில் தனியாக ஒரு பொட்டு. அப்புறம் இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு, வயரை அதன் மேல் வைத்து, சூட்டுக்கோலை ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் தொட்டு எடுக்க வேண்டும். ஈயம் மினுக்கென்று வழிந்து படிந்தால் நல்ல ஜாயிண்ட். மங்கலாகக் குருணையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும். மொத்தம் இருபது ஜாயிண்ட். முதல் மூன்றில் கட்டையை உருக்கினேன், மீதி எல்லாம் மினுக்கென்று இருக்கின்றன. பலகைக்கு அடியில் வயரை லேசிங் நூலால் நாலு விரலுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன், ஸ்டேட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயிலைக் கட்டுவது போல. நீ வந்தால் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்.

இப்போது பல்பை விலக்கிவிட்டு எந்த இடத்தில் காசு வைத்தாலும் அந்த நொடியே கட் ஆகிறது.

மலை ஏற வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறினோமே, கல்லாரில் நின்றபோது, இஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது என்று நீ கேட்டாயே. கீழே நின்று தள்ளிக்கொண்டுதான் போகும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்றுதான் நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நம் பலகையில் பல் கிடையாது. நூறு அடிக்கு இரண்டு அடிக்கு மேல் ஏற்றினால் நம் இஞ்சின் பெட்டிகளை இழுக்கத் திணறும். எட்டு அடிப் பலகையில் இரண்டு அங்குலம்கூட ஏறாது, ஒரு லைனின் மேல் இன்னொரு லைன் தாண்டவே மூன்று அங்குலம் வேண்டும். அதனால் மலையைப் பின்னால் தெர்மாகோலில் நிறுத்திவிட்டேன், ரயில் அடிவாரத்திலேயே ஓடட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் மலை அப்படித்தானே நிற்கும்.

தரைக்கு நம் தோட்டத்துச் செம்மண்தான். மாவுச் சல்லடையில் சலித்தேன். ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் விட்டு எடுத்தபோது மீசை மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, அத்தனையும் இரும்பு. அது மோட்டாருக்குள் போனால் ஆகாது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டாமல் வரும் வரை ஏழெட்டுத் தடவை எடுத்துவிட்டு, பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு சோப்பும் சேர்த்து ஊற்றினேன். காய்ந்ததும் நம் வரப்பு மாதிரியே இருக்கிறது.

இப்போது தொந்தரவு பஞ்சுதான். தறிக்கூடத்துப் பஞ்சு உனக்குத் தெரியாததா? ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசும்போது ஜன்னல் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது. நேற்று இஞ்சினைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வெள்ளை வெள்ளையாகச் சுற்றியிருந்தது. டுவீசரில் பிடித்து இழுத்து எடுத்தேன். ஓட்டாதபோது உங்கப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தி வைக்கிறேன்.

நீ சொன்ன டிஜிட்டல் முறையை அப்புறம் பார்க்கலாம். அதில் ஷார்ட்டைப் பார்த்துத் தானே முனை மாற்றும் கருவி இருக்கிறது என்கிறாய், நல்லதுதான். ஆனால் நீ ஒரு தடவையாவது கையால் சுவிட்சைத் தட்டி இந்த வளையத்தைக் கடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை, அதன் மேல் மண்ணும் ஊற்றவில்லை.

பொங்கலுக்கு வரும்போது நம் ரயிலின் அளவான எச்ஓவுக்கு ஜாயினர் இரண்டு பாக்கெட், பிளாஸ்டிக் ஜாயினர் ஒரு பாக்கெட் வாங்கி வா. பழைய துண்டு ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன், தண்டவாள உயரத்தை அதை வைத்துப் பார்த்து வாங்கு. டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு. அந்த அறையில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறோம், அதை ஆசாரத்துக்கு மாற்றினால்தான் பலகையைச் சுற்றி நாம் மூன்று பேரும் குட்டியும் நிற்க இடம் வரும்.

அன்புடன்,
அம்மா