பச்சைக்காரிக்காக ஒரு சண்டை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, இடது கண். போன மாதம் அதற்கும் புரை எடுத்தாகிவிட்டது. குனியாதே, கண்ணைக் கசக்காதே, நாலு வேளை சொட்டு மருந்து விடு என்று என்னைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாயா, இல்லை இன்னும் ஒரு படிக்கு ஒரு ‘அம்மா’வா?

நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ‘விக்கெட்’ (Wicked) படத்தைத் திட்டியே தீர்த்திருக்கிறாய், ஆஸ் என்ற மாய நாட்டுப் பச்சைச் சூனியக்காரியின் கதையைப் பாட்டும் ஆட்டமுமாக இரண்டு பாகத்தில் சொல்கிற அந்த ஹாலிவுட் படத்தை. பெயரைக் கேட்டதும் உன் வீட்டுக்காரர் கிரிக்கெட் படம் என்று நினைத்து ஆசையாக வந்து உட்கார்ந்தார் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மற்றபடி உன்னோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழுச் சண்டை இல்லை, பாதிச் சண்டை.

வண்ணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2024இல் முதல் பாகத்தைத் தியேட்டரில் பார்த்தபோது எனக்கு வலது கண் மட்டும்தான் சரி செய்திருந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் வெளுத்த மாதிரி தெரிந்தது. சரி, நம் கண்தான் என்று நினைத்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். நீலம் ஓடிய வெளுப்பு. வலதைப் பொத்தினேன். பழைய காகிதம் மாதிரி மஞ்சள். இப்படி மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண் “ஆன்ட்டி, ஏதாவது வேணுமா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாதி உலகமே இதே புகாரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று. சிலர் காட்சிகளை எடுத்து, தாங்களே வண்ணத்தைக் கூட்டி, ‘இப்படி இருந்திருக்க வேண்டாமா’ என்று போட்டிருந்தார்கள். ஆஸ் என்பது கனவு இல்லை, நிஜமான இடமாகத் தெரிய வேண்டும் என்பது இயக்குநர் ஜான் சூ சொன்ன பதில். அதற்காகத்தான் இங்கிலாந்தில் தொண்ணூறு லட்சம் ட்யூலிப் செடிகளை நிஜமாகவே நட்டார்கள். நட்டுவிட்டு வெயிலுக்கு எதிரே கேமராவை வைத்தால் பூ எங்கே தெரியும்? இந்த விஷயத்தில் நான் உன் கட்சி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் வாங்கிய இரண்டு ஆஸ்கரும் ஆடை வடிவமைப்புக்கும் அரங்க அமைப்புக்கும்தான்.

ஆனால் ‘ஒரிஜினலைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எதுடீ ஒரிஜினல்? உன் மனதில் இருப்பது 1939ஆம் வருஷத்து ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படம், டாரத்தி என்ற சிறுமியாக ஜூடி கார்லண்ட், காலில் சிவப்புச் செருப்பு. எல். ஃப்ராங்க் பாம் 1900இல் எழுதிய நாவலில் அந்தச் செருப்பு வெள்ளி. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று படக்காரர்கள்தான் அதைச் சிவப்பாக்கினார்கள். நாவலில் சூனியக்காரிக்குப் பச்சை உடம்பே கிடையாது. ஒற்றைக் கண், கையில் குடை, அவ்வளவுதான். இன்னொன்று, அதில் ஆஸின் தலைநகரான மரகத நகரத்துக்குள் நுழைகிற எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். ஊர் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். எனக்குப் புதுக் கண் வந்த பிறகு இந்த இடத்தை ஒரு தடவை எடுத்து வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, 1939 படமும் ஒரு மாற்றிச் சொன்ன கதைதான். அதற்கு மேல் கிரெகரி மக்வயர் 1995இல் சூனியக்காரி பக்கம் நின்று நாவல் எழுதினார். எல், எஃப், பி என்ற பாமின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் எல்ஃபபா என்று அவளுக்குப் பெயர் வைத்தார். 2003இல் அது பிராட்வே மேடைக்குப் பாட்டும் ஆட்டமுமாகப் போனது, இப்போது திரைக்கு வந்திருக்கிறது. அகலிகையையும் சூர்ப்பணகையையும் நம் ஆட்கள் எத்தனை விதமாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்! அதையெல்லாம் கல்லூரியில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்கள்தானே நாம். அப்போது உனக்குக் கெடுத்த மாதிரி தெரியவில்லையே?

அந்த 1939 படத்துச் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மொத்தப் படத்திலும் அவர் திரையில் தெரிவது பன்னிரண்டு நிமிஷம் போலத்தான். அதற்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அலறினார்கள். நெருப்பும் புகையுமாக மறைகிற ஒரு காட்சியில் நிஜமாகவே தீப்பிடித்து முகமும் கையும் வெந்துபோயின. பூசியிருந்த பச்சைச் சாயத்தில் தாமிரம் வேறு. இத்தனைக்கும் நடிக்க வருவதற்கு முன்னால் அவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர், என்னை மாதிரி. முப்பது வருஷம் முதல் வகுப்பு எடுத்தவளுக்கு இது தெரிந்த பிறகு சூனியக்காரி மேல் பாசம் வராமல் என்ன செய்யும்?

முதல் பாகத்தில் நீ ஒரு வரிகூட எழுதாத காட்சி ஒன்று இருக்கிறது, அந்த நடனக் கூடம். கேலிக்காகக் கொடுத்த கூர்த் தொப்பி என்று தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு எல்ஃபபா உள்ளே வருகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் ஓடிப்போகவில்லை. நடுவில் நின்று, தனக்கு மட்டும் கேட்கிற ஏதோ ஒரு தாளத்துக்குக் கையை வினோதமாக வளைத்து ஆடுகிறாள். அந்த நேரம் பாட்டு இல்லை, வசனமும் இல்லை. தொப்பியைக் கொடுத்த அறைத்தோழி கிளிண்டாவே வந்து எதிரே நின்று அந்தக் கோணல் ஆட்டத்தையே அப்படியே திருப்பி ஆடுகிறாள். எல்ஃபபாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. எனக்குப் பின்னால் ஒரு பையன் “இன்னும் எவ்ளோ நேரம்?” என்றான், பக்கத்து சீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கண்ணைப் பொத்துவதை மறந்துவிட்டேன்.

நீளம் என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். மேடையில் இடைவேளையோடு சேர்த்தே மூணு மணி நேரத்துக்குள் முடிகிற நாடகம், திரையில் இரண்டு பாகமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். இடைவேளை மட்டும் ஒரு வருஷம்! போஸ்டரில் ‘பாகம் ஒன்று’ என்று போடவும் இல்லை. எல்ஃபபா துடைப்பத்தில் ஏறிப் பறந்ததும் விளக்கு எரிந்தது. “அவ்ளோதானா? டாரத்தி எங்க?” என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். ஆனால் அந்தப் பறக்கிற பாட்டை எல்ஃபபாவாக நடித்த சிந்தியா எரிவோ கம்பியில் தொங்கிக்கொண்டே, படப்பிடிப்பிலேயே சொந்தக் குரலில் பாடினார் என்பது உனக்குத் தெரியுமா? பின்னணிப் பாடகர் குரலுக்கு வாயசைப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயம். மூச்சு வாங்குவது கேட்கிறது, வசந்தா. அதுதான் எனக்குப் பிடித்தது. மந்திரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சராக வரும் மிஷெல் யோவுக்குப் பாட்டு வரவில்லை என்றாயே, அதில் வாதாட மாட்டேன்.

அப்புறம் தியேட்டரில் கூடவே பாடுகிறவர்கள். என் வரிசைக் கடைசியில் ஒரு கூட்டம் எல்லாப் பாட்டையும் கத்திப் பாடியது, அதுவும் சுருதி இல்லாமல். அமெரிக்காவிலும் அப்போது இதே தகராறுதான். பாடாதீர்கள் என்று ஒரு பக்கம் அறிவிப்பு, கிறிஸ்துமஸிலிருந்து சேர்ந்து பாடுகிறவர்களுக்கென்றே தனிக் காட்சி இன்னொரு பக்கம். நான் பாடாதே கட்சி.

இரண்டாம் பாகத்துக்கு வந்தால் என் குரல் கொஞ்சம் இறங்குகிறது. நீ கேட்ட கேள்வி நியாயமானது: கெட்டவள் ஏன் கெட்டவள் ஆனாள் என்று எதற்கு எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்? முதல் பாகத்தில் அந்தக் காரணம் எனக்கு வேண்டியிருந்தது. ஒருத்தி மேல் ஒரு பெயர் எப்படி ஒட்டுகிறது, யார் ஒட்டுகிறார்கள், ஒட்டும்போது கூட இருக்கிறவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அங்கே கதை. வகுப்பில் இதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஜூன் மாதம் ஒரு பிள்ளைக்குத் ‘திருடன்’ என்று பெயர் விழுந்தால் ஏப்ரல் வரைக்கும் போகாது. தொலைந்த பென்சில் வேறு பையில் கிடைத்தாலும் போகாது.

இரண்டாவதில் அது கணக்குத் தீர்க்கிற வேலையாகிவிட்டது. பழைய படத்தில் டாரத்தியோடு போகிற சோளக்கொல்லைப் பொம்மை யார், தகர மனிதன் யார், சிங்கம் ஏன் பயந்தது என்று ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறார்கள். டாரத்தியின் முகத்தைக் காட்டாமல் விட்டது நல்ல யோசனை. அந்தத் தைரியம் மற்ற இடங்களில் இல்லை. இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் புதிதாக எழுதிச் சேர்த்த இரண்டு பாட்டும் என் காதில் நிற்கவில்லை. மேடையிலேயே பின்பாதி சொத்தை என்று சொல்கிறவர்கள் உண்டு, அதைத் தனிப் படமாக நிறுத்தினால் கால் தாங்காதுதானே, உன் முழங்கால் மாதிரி. கோபித்துக்கொள்ளாதே. ஆனாலும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிற அந்தப் பிரிவில் நான் அழுதேன். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் கிண்டல் செய்வாய், அதனால் எழுதவில்லை.

என் பெண்ணுக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது, மே மாதம் இங்கேயே வந்துவிடுவாள். மாப்பிள்ளை பற்றி நேரில் சொல்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் பேரன் இரண்டாவது படத்தின் நடுவில் அழுது, பயந்துபோய் எழுந்து உள்ளே போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். எந்த இடத்தில் என்று எழுதவில்லையே? முதல் படத்தில் பாடம் நடத்திய அந்த ஆட்டு வாத்தியாரை, பேச்சே போய்விட்ட நிலையில் கூண்டுக்குள் காட்டுகிற இடமா? அதுவாக இருந்தால் அது பயம் இல்லை. அவனிடமே கேட்டு எனக்கு எழுது.

உன்
கமலி