கேஷை அழித்தால் பிரவுசர் சீக்கிரம் திறந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரவுசர் திறக்கத் தாமதமானால் கேஷையும் ஹிஸ்டரியையும் தினமும் அழித்துவிடுங்கள் என்று சென்ற இதழின் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நெடுங்காலமாகச் சுற்றிவரும் யோசனைதான், ஆனால் நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தமில்லை. பார்த்த தளங்களின் படங்களையும் எழுத்துருக்களையும் டிஸ்க்கில் எடுத்துவைப்பதுதான் கேஷ். பிரவுசர் தொடங்கும்போது அதை முழுக்கப் படிப்பதில்லை. அழித்துவிட்டால் அத்தனையும் மறுபடி இணையத்திலிருந்து இறங்க வேண்டும். முதல் பக்கம் முன்னைவிட மெதுவாகத்தான் வரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் தாமதம் எங்கே என்று பார்த்துவிடுவது நல்லது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, டிஸ்க் ஓட்டம் அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிரவுசரைத் திறந்து விநாடிகளை எண்ணுங்கள். உடனே மூடி, இரண்டாம் முறை திறந்து மறுபடி எண்ணுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: குரோமை மூடினாலும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் இயங்கவிடும் வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் கணக்கு சரியாக வரும். எட்ஜில் அந்த வசதியோடு, பிரவுசரை முன்கூட்டியே தயாராக வைக்கும் ‘ஸ்டார்ட்டப் பூஸ்ட்’டையும் அணைக்க வேண்டும்.

முதல் முறை 20 விநாடி, இரண்டாம் முறை 2 விநாடி என்றால் குற்றவாளி பிரவுசர் அல்ல, ஹார்ட் டிஸ்க். இரண்டாம் முறை தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் ஏற்கெனவே ரேமில் வைத்திருக்கும். முதல் முறை எல்லாம் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். தட்டைப் படிக்கும் முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் ஒரு துணுக்கை எடுக்க 10 மில்லி விநாடிக்குக் குறையாது. ஆயிரம் துணுக்கு என்றால் 10 விநாடி போயிற்று. தட்டுக்குப் பதில் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை; அதே வேலை ஒரு விநாடிக்குள் முடியும். இந்த நிலையில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. எஸ்எஸ்டி போடுவதுதான் வழி. அதுவரை, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையற்ற நிரல்களை நிறுத்திவைத்தால், கணினி எழும் நேரத்தில் டிஸ்க்குக்கு நடக்கும் தள்ளுமுள்ளாவது குறையும்.

இரண்டு முறையும் ஒரே அளவு தாமதம் என்றால் அப்போது பிரவுசருக்குள் தேட வேண்டும். குரோமில் புதிய புரொஃபைல் (ஒருவரின் செட்டிங்ஸ், புக்மார்க் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) ஒன்றை உருவாக்கித் திறந்து பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்க்கும் சிறு நிரல்கள்) இல்லாத ‘ட்ரபிள்ஷூட் மோட்’ கிடைக்கும். அதில் சட்டென்று திறந்தால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான் காரணம். எல்லாவற்றையும் நீக்க வேண்டாம். பாதியை அணைத்துப் பார்த்து, தாமதம் எந்தப் பாதியில் என்று கண்டு, அதையும் பாதியாக்குங்கள். 16 இருந்தாலும் நான்கைந்து சோதனையில் ஆள் சிக்கிவிடும்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அடுத்த சந்தேகப்புள்ளி. ஃபயர்ஃபாக்ஸ் பழைய டேப்களை நாம் தொடும்வரை ஏற்றாது என்பதால் நாற்பது டேப் இருந்தாலும் பெரிய பாரமில்லை. ஆனால் ‘பின்’ (pin) செய்த, அதாவது டேப் வரிசையில் நிலையாகக் குத்திவைத்த டேப்களை மட்டும் தொடக்கத்திலேயே ஏற்றிவிடும். மெயில், அரட்டை, காலண்டர் என்று ஆறேழு கனமான தளங்களைப் பின் செய்து வைத்தவர்கள் அவற்றைப் புக்மார்க்குக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

எக்ஸ்டென்ஷனும் இல்லை, டேப்பும் இல்லை என்றால் புரொஃபைலே பழுதாகியிருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் ஹெல்ப் மெனுவில், ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் ‘ரெஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்’ பொத்தான் இருக்கிறது. புக்மார்க்கும் கடவுச்சொற்களும் தங்கும், எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும்.

ஜன்னல் உடனே திறந்து, பக்கம் மட்டும் சில விநாடி வெள்ளையாக நிற்பது தனி வகை. விண்டோஸின் பிராக்ஸி செட்டிங்ஸில், அமைப்புகளைத் தானாகக் கண்டறியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், இல்லாத பிராக்ஸியை (இணையத்துக்கு இடையில் நிற்கும் இடைத்தரகு கணினியை) தேடி நேரம் வீணாகலாம். வீட்டு இணைப்பில் அதை அணைத்துப் பாருங்கள். அலுவலகக் கணினியில் கேட்காமல் தொட வேண்டாம்.

விண்டோஸின் பிரீஃபெட்ச் கோப்புறையைக் காலி செய்யும் வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நிரலுக்கு எந்தக் கோப்புகள் வேண்டும் என்று விண்டோஸ் குறித்துவைக்கும் இடம் அது. காலி செய்தால் அடுத்த முறை தாமதம் கூடும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களால் பிரவுசர் விரைவாகத் திறக்காது. ஸ்டார்ட்டப் பூஸ்ட் வேகம் தருவது உண்மைதான், ஆனால் பிரவுசரின் ஒரு பகுதியை எப்போதும் ரேமில் உட்காரவைத்துத் தருகிறது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது மற்ற நிரல்களின் இடத்தைத்தான் பிடுங்கும்.

கேஷ் பற்றிய அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். குரோமில் கேஷை அழிக்கும் அதே பெட்டியில், நாம் லாகின் செய்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கீஸுக்கான கட்டமும் இருக்கிறது. கவனிக்காமல் அதிலும் டிக்கை விட்டுவைப்பவர்கள் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு வாசகர்