அக்காவுக்கு, நீ திருச்சியில் இறங்குவதற்குள்

அக்கா,

வாட்ஸப்பில் எழுதினால் ரெண்டு நீல டிக்கோடு முடிந்துவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று மச்சான் உளறிவிட்டார். சித்தப்பா வீட்டிலும் படிக்கிறார்கள். ஆகவே சில இடங்களில் வாயைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டியிருக்கும். உனக்குப் புரியும்.

அம்மாவின் முதல் திதிக்கு வருகிறாய். ஊரில் இறங்க இனி வீடு இல்லை, மன்னார்குடியில் என் மாடிக்குத்தான் வந்தாக வேண்டும். போன வாரம் போனில், "நாங்க வர்றதுக்குள்ள அந்தக் காட்டுப்பூனைய எங்கயாவது விட்டுட்டு வந்துடு" என்றாய். "பாக்குறேன்" என்றேன். பார்த்துவிட்டேன். விடுவதாக இல்லை.

முதலில், அது காட்டுப்பூனை இல்லை. காட்டுப்பூனை வேறு சாதி, கரும்புக் கொல்லையிலும் ஆற்றங்கரைப் புதரிலும் திரிவது. இது வீட்டுப்பூனைதான். மனிதக் கை படாமலே வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா அடித்து ஓடெல்லாம் பறந்து கிடந்தபோது மாட்டுக்கொட்டகைக்குள் வந்து ஒண்டியது. அம்மா அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. சோற்றில் மீன் தலையைப் பிசைந்து வைத்து "இந்தாடி" என்பாள், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது பெயர் கேட்டார்கள். யோசிக்காமல் "இந்தாடி" என்றேன். சீட்டில் அப்படியேதான் இருக்கிறது.

2023 பொங்கலுக்குப் பத்தாயத்தடியில் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. கை நீட்டியது ஐந்து வயதுப் பிள்ளை, நகத்தை நீட்டியது குட்டி போட்ட தாய். அம்மா மஞ்சளை அப்ப வந்தபோது நீ தட்டிவிட்டு, அவன் கையைக் குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாயே, அதுதான் சரி. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. அன்றைக்கே ரேபிஸுக்கு ஒரு ஊசி, அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள். 28ஆம் நாள் ஊசியைச் சிங்கப்பூரில் போட்டுக்கொண்டீர்கள். பிள்ளை துடித்ததற்கு நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அம்மாவைப் பார்த்து நீ ஒரு கேள்வி கேட்டாய். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை இங்கே எழுதமாட்டேன்.

உனக்குத் தெரியாதது அன்று ராத்திரி நடந்ததுதான்.

நெல் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். பத்தாயத்து மூலையில் அது குட்டிகளின் மேல் படுத்திருந்தது. பழைய போர்வையை எறிந்து அமுக்கிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினேன். கத்தும் என்று நினைத்திருந்தேன், ஒரு சத்தம் இல்லை. இப்படி வளர்ந்த பூனைகள் மனிதர்களைப் பார்த்துக் கத்துவதில்லையாம். 'மியாவ்' என்பதே பெரிய பூனை மனிதர்களிடம் பேசப் பழகிக்கொண்ட பாஷைதானாம். எனக்கு அது அப்போது தெரியாது. டிவிஎஸ் 50-இல் கால் வைக்கும் இடத்தில் சாக்கை வைத்துக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் ஓட்டினேன். கணுக்காலில் சாக்கு உரசிக்கொண்டே வந்தது. சணலுக்கு அந்தப் பக்கம் அதன் மூச்சு, சூடாக, வேகமாக. ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி அக்கரையில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தேன். பாய்ந்து ஓடிவிடும் என்று ரெண்டடி தள்ளி நின்றேன். ஓடவில்லை. வெளியே வந்து சாக்கின் மேலேயே உட்கார்ந்தது. வண்டி வெளிச்சத்தில் அதன் வயிற்றடி நனைந்திருந்தது. மூத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பால், அக்கா. குட்டிகளுக்குக் கட்டிய பால்.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ சொன்னாய் என்பதற்காகச் செய்தேன் என்று மூன்று வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இது இருந்தா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றுதான் நீ சொன்னாய். ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கில் கட்டு என்று சொல்லவில்லை. குட்டிகள் இருப்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், வருஷத்துக்குப் பத்து நாள் வந்து அந்த வீட்டில் எது இருக்கலாம், எது கூடாது என்று சொல்லிவிட்டு நீ பிளேன் ஏறிவிடுவாய். மிச்ச நாளெல்லாம் அம்மாவின் முகத்தில் முழித்தவன் நான்.

குட்டிகளை எதிர்வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மூன்றும் எங்களிடம்தான் இருந்தன. மூன்று வாரக் குட்டிகள். அம்மா இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தாள். பசும்பால் அந்த வயசுக் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் கண்டுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நாலாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று போயின. அம்மா நார்த்தை மரத்தடியில் புதைத்தாள். மூன்றாவதை வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டு மூத்திரம் போக வைத்து, தன் முந்தானையிலேயே முடிந்து வளர்த்தாள். அந்தக் காரியத்தைத் தாய்ப்பூனை நாக்கால் செய்யும். அந்த ஆறு நாளும் அவள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்றாவதுதான் பொட்டு. உன் பையன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் "பொட்டு, பொட்டு" என்று கொஞ்சுகிறானே, அதே பொட்டு. அவனைக் கீறிய பூனையின் குட்டி. நீயும் போனுக்குள் விரலை நீட்டி அதன் தாடையைத் தடவினாய், போன சித்திரையில்.

தாய் எப்படித் திரும்பியது என்று கேட்பாய். ஆறு நிறையத் தண்ணீர் போகிறது, அக்கரையில் விட்டால் தாண்டி வராது என்பது என் கணக்கு. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவார்கள், அப்புறம் ஆறு வற்றிவிடும் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். விவசாயி வீட்டில் பிறந்த நான் மறந்துவிட்டேன். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் கொல்லைக் கதவோரம் நின்றது. கால் நாலும் மணல். மதகுப் பாலம் வழியாகவும் வந்திருக்கலாம், நான் மணலைத்தான் பார்த்தேன். நேரே பத்தாயத்தடிக்குப் போய் மோந்து மோந்து பார்த்தது. பொட்டு ஓடிவந்தது. அம்மாவின் வாசனை அடித்ததோ என்னவோ, தன் குட்டியைப் பார்த்தே சீறியது. பால் வற்றியிருந்தது. அம்மா "வந்துட்டியா" என்றாள். அது பூனைக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

அந்த மாசியில் கோழிப் பஞ்சாரத்தைக் குச்சியில் நிறுத்தி, உள்ளே நெத்திலிக் கருவாடு வைத்து, கயிற்றை இழுத்துப் பிடித்தேன். ஒரத்தநாட்டில் கருத்தடை. விட்டால் ரெண்டே மாதச் சினை, வருஷத்துக்கு ரெண்டு மூன்று ஈத்து போட்டிருக்கும். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: குட்டி பிறந்த 2 வாரத்திலிருந்து 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், அந்த வயசு தாண்டிப்போன பூனையை வீட்டுக்குள் அடைக்காதீர்கள், இருந்த இடத்திலேயே விட்டுச் சோறு போடுங்கள். ஒரே வயிறுதான், பொட்டு என் தலையணையில் தூங்குகிறது, தாய் இன்னும் என் கை நீளத்துக்குள் வரவில்லை. டாக்டர் சொன்னபடி இருந்த இடத்திலேயே விட்டோம். அந்த இடம் இருந்தவரைக்கும்.

வீடு விற்ற விஷயம் இங்கே வேண்டாம். கையெழுத்து நானும்தான் போட்டேன். ஜேசிபி வந்தபோது அது வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பஞ்சாரத்தில் ரெண்டாம் தடவை ஏமாறவில்லை. பிடிக்க நாலு ராத்திரி ஆயிற்று.

இங்கே கொண்டுவந்து மூன்று வாரம் பின்னறையை விட்டு வெளியே விடவில்லை. அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி ஒளிய இடம், பழைய பேசினில் நம் கொல்லை மண். கடையில் விற்கும் பூனை மணலை அது சீந்தவில்லை, நம் மண்ணில் தோண்டி இருந்து மூடிவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்று மணல் கலந்தேன். குக்கர் விசிலுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நான் தினமும் சாயங்காலம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். வேலையற்றவன் என்று கீழ்வீட்டில் நினைத்திருப்பார்கள். சோற்றுத் தட்டை வாரத்துக்கு ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினேன். மூன்றாம் மாதம் என் எதிரில் தின்றது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்களே, நம்மைப் பார்த்துக்கொண்டே அது மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் நம்மிடம் பயமில்லை என்று அர்த்தம். நாமும் அப்படியே மூடித் திறக்க வேண்டும். முறைத்துப் பார்த்தால் சண்டைக்கு வருகிறோம் என்று நினைக்கும். ஏழாம் மாதம் வாலால் என் முழங்காலை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனது. ஒரே ஒரு தடவை.

அதற்குள் நானே கெடுத்தேன். ஆவணியில் அரைத்த அரிசியைச் சாக்கோடு மாடிக்குத் தூக்கி வந்தேன். சணல் சாக்கு. அது பார்த்த பார்வை இருக்கிறதே. அலமாரி மேல் ஏறி அங்கிருந்து பரணுக்கு, பித்தளைப் பானைகளுக்குப் பின்னால் போய் ரெண்டு நாள் இறங்கவில்லை. இப்போது அரிசியைக் கீழேயே டப்பாவில் கொட்டித்தான் கொண்டுவருகிறேன். தீபாவளி வெடிக்குக்கூட அது அப்படிப் பயப்படவில்லை.

ஆகவே வா. பின்னறையில் மட்டும் பெட்டி வைக்காதே. பையன் பொட்டுவோடு விளையாடட்டும், பெரியதைத் துரத்தாமல் பார்த்துக்கொள். நீ என்னைத் திட்டுவதானால் மொட்டை மாடிக்குப் போய்த் திட்டு, சத்தம் அதற்கு ஆகாது.

இன்னொன்று. அம்மாவின் பச்சைச் சுங்குடி உன்னிடம்தான் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று நீ மடித்து எடுத்துப் போனதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிக்குள் விரிக்க வேண்டும். துவைத்துவிட்டாய் என்றால் வேண்டாம்.